சந்து அக்காவுக்கு ஒரு நாற்காலி

மேனேஜர் கூப்பிடுகிறார் என்றதும் சந்து அக்காவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது வேனின் பின்கதவில் இருந்த கீறல்தான். போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரோரம் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது விழுந்தது. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? கையிலிருந்த பார்சலை அப்படியே வைத்துவிட்டு மாடியேறி, கண்ணாடி அறைக்குள் நுழைந்தவள் உட்காரக்கூட இல்லை.

"சார், அது நான் இடிச்சதுதான். இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தச் சுவத்துல புதுசா பெயின்ட் அடிச்சிருந்தாங்க. அது ஒட்டிக்கிட்டதாலதான் கீறல் பெருசாத் தெரியுது."

மேனேஜர் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். "எந்தச் சுவரு?"

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். "நீங்க எதுக்கு சார் கூப்பிட்டீங்க?"

கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. குடோன் சூப்பர்வைசர் இந்த மாதக் கடைசியோடு வேலையை விட்டு, மகள் இருக்கும் ஊருக்கே குடிபோகிறார். அந்த இடத்துக்கு அவளைப் போடலாம் என்று மேனேஜர் நினைக்கிறார். அடுத்த வாரம் மூன்று நாள் சூப்பர்வைசர் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்க்கட்டும். பிடித்திருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லட்டும்.

"அந்தக் கீறலைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்று முடித்தார்.

சந்து அக்காவுக்கு வயது நாற்பத்து மூன்று. அவள் வேன் ஓட்டக் கற்றதே ஒரு விபத்து மாதிரிதான். தம்பி ஓட்டுநர் பயிற்சிக்குத் தனியாகப் போகப் பயந்தான். துணைக்குப் போனவளிடம் வாத்தியார், சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நீயும் ஓட்டிப் பாரேன் என்றார். கடைசியில் உரிமம் வாங்கியது அக்கா. தம்பி இன்றுவரை சைக்கிள்தான். அப்போது அவள் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலை அங்கிருந்த டிரைவர் முதலாளியோடு சண்டை போட்டுச் சாவியை மேசைமேல் விட்டெறிந்துவிட்டுப் போய்விட்டார். ஹோட்டலுக்குப் போகவேண்டிய படுக்கை விரிப்புகள் மலைபோலக் குவிந்து கிடக்க, முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "குடுங்க, நான் போறேன்" என்றாள். அன்று எடுத்த சாவிதான், இன்றுவரை கீழே வைக்கவில்லை. இந்தப் பார்சல் கம்பெனிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது.

"பெரிய ரோட்டுல போறவன் சிக்னலுக்கு வேலை பாக்கிறவன்" என்பது அவள் கொள்கை. எந்தச் சந்து எந்தச் சந்தோடு சேரும், எந்தச் சந்தில் காய்கறி வண்டி எத்தனை மணிக்கு நகரும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால்தான் சந்து அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பெயர் வைப்பதில் அவளும் சளைத்தவள் அல்ல. சூப்பர்வைசர் முகத்தில் காலை ஏழு மணிக்கே எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அதனால் டிரைவர்கள் நடுவே அவருக்கு 'எள்ளுகொள்ளு' என்று பெயர். வைத்தவள் சந்து அக்காதான். இப்போது மாடியிலிருந்து இறங்கி வரும்போது அவளை அரித்த முதல் கவலை சம்பளமோ பொறுப்போ இல்லை. 'எனக்கு என்ன பேர் வைப்பானுங்களோ?'

வீட்டுக்காரர் முடிதிருத்துபவர். வீட்டுக்குக் கீழேயே இரண்டு நாற்காலி போட்ட கடை. மாலையில் அவர் மேலே வந்து சட்டையை உதறி வாசலில் முடியைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"நல்ல சேதிதானே! ஏன் இழவு வீட்டுல இருந்து வந்தவ மாதிரி சொல்றே?"

"நாள் பூரா உக்காந்தே இருக்கணுங்க."

"ஊரே உக்காரத்தான் அலையுது. என்னைப் பாரு. இருபது வருஷமா மத்தவனை உக்கார வச்சுட்டு நான் நின்னுக்கிட்டிருக்கேன்."

பள்ளிக்கூடக் கடைசி வகுப்பில் படிக்கும் மகள் புத்தகத்திலிருந்து நிமிராமலே சொன்னாள்: "அம்மா, வேன்ல நீ தனியாப் பேசிக்கிட்டே ஓட்டுறதை நான் பாத்திருக்கேன். ஆபீஸ்ல அப்படிப் பேசினா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். ஆனால் அது சுருக்கென்று தைத்தது. வீட்டில் இருக்கும்வரை அம்மா, பெண்டாட்டி, அக்கா. குடோனில் நுழைந்தால் ஆள் மாற்றி ஆள் கேள்வி. வேன் கதவைச் சாத்தியபிறகுதான் அவளுக்கு அவள் கிடைப்பாள். அந்த எட்டு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு ஒரு சுழல் நாற்காலியை வாங்கிக்கொள்வதா?

மறுநாள் மாலை வீட்டுக்காரர் படியேறி வந்ததும் வராததுமாக அறிவித்தார். "கடைக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் கேட்டுட்டேன். ஏழு பேரு ஏத்துக்கோன்னாங்க. நாலு பேரு வேணாம்னாங்க. ஒருத்தரு தூங்கிட்டாரு."

"என் பொழப்பை ஊர் முழுக்கத் தமுக்கடிச்சாச்சா?"

"கத்திரிக்கோலைக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டா யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. அதான் கேட்டேன்."

"அந்தத் தூங்கினவருதான் புத்திசாலி" என்றாள் அவள்.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு கதவையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனாள். மருந்துக்கடைக்காரர் கையெழுத்துப் போடும்போதே எதற்கோ கண்டிப்பாகத் தும்முவார். கண்ணாடிக்கடைக்காரியின் நாய் பார்சலை மோப்பம் பிடித்து அனுமதி கொடுத்தால்தான் உள்ளே போகலாம். பழைய கட்டடமொன்றின் நாலாவது மாடியில் இருக்கும் தையற்காரி, கயிற்றில் கூடையைக் கட்டி இறக்கித் துணிப்பொதியை மேலே இழுத்துக்கொள்வாள். மணி கெட்டு ஐந்து வருடமாயிற்று. கீழே நின்று விசிலடிக்க வேண்டும்.

"நான் ஆபீசுக்குள்ள போயிடுவேன் போலிருக்கு" என்று சந்து அக்கா கழுத்தை அண்ணாந்து கத்தினாள்.

"அப்ப யாரு வருவா?" மேலிருந்து குரல்.

"யாராச்சும் வருவாங்க!"

"அவங்களுக்கு விசிலடிக்கத் தெரியுமா?"

தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவள் வண்டியேறினாள். அன்றைக்கே வேறொரு கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐந்து மாடி. மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவள் வலது முழங்கால் 'கடக்' என்றது. இந்தக் கடக் இரண்டு வருடமாக உண்டு. முன்பெல்லாம் எப்போதாவது கேட்கும். இப்போது தினம். படியிலேயே உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே, இன்னும் பத்து வருடம் இந்தக் கால் தாங்குமா என்று முதன்முறையாக உண்மையாகவே கேட்டுப் பார்த்தாள். தாங்காது என்றுதான் தோன்றியது.

இன்னொரு முள்ளும் இருந்தது. பாட்டுக்காரர். அவளைவிட ஆறு வருடம் மூத்த டிரைவர். காலையில் லோடு ஏற்றும்போது பாட ஆரம்பித்தால் சாயங்காலம் வண்டியை நிறுத்தும்வரை பாட்டு நிற்காது. வந்த புதிதில் பெரிய வேனைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நியாயமாகப் பார்த்தால் அந்த நாற்காலி அவருக்குத்தான். பிறர் சொல்லித் தெரியக் கூடாது என்று, சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரமாகப் பார்த்துப் போய்ச் சொன்னாள்.

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். பாதி சாப்பாட்டிலேயே டப்பாவை மூடினார். "நல்லது மேடம்" என்றார்.

பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் 'மேடம்'. அதற்குப்பின் இரண்டு நாள் குடோனில் பாட்டே கேட்கவில்லை. ஆளாளுக்கு, ரேடியோ கெட்டுப்போச்சா என்று கேட்டார்கள்.

திங்கட்கிழமை சந்து அக்கா எள்ளுகொள்ளுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே லோடு ஏற்றும் மேடை. சுவரில் பன்னிரண்டு வேன்களுக்கும் கட்டம் போட்ட வெள்ளைப் பலகை. மேசையில் ஒரு போன். அந்த போனுக்குக் களைப்பே கிடையாது.

எட்டு மணிக்கு வண்டிகள் கிளம்பின. எட்டேகாலுக்கு மேடையின் ஓரத்தில் ஒரு பெட்டி தனியாகக் கிடப்பதைப் பார்த்தாள். மருந்துக்கடைப் பெட்டி. குளிர்ச்சி குறையாமல் போய்ச் சேர வேண்டிய மருந்து. அவ்வளவுதான், கை பரபரத்தது. உபரி வேனின் சாவியை எடுத்தாள், பெட்டியைத் தூக்கினாள், பறந்தாள். மூன்று சந்து, ஒரு பாலம், பதினெட்டே நிமிடம். மருந்துக்கடைக்காரர் தும்மிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போனதுதான் போனோம் என்று பக்கத்திலிருந்த இன்னொரு கடையின் பழைய பார்சலையும் திருப்பி வாங்கிக்கொண்டு, வெற்றி வீராங்கனை மாதிரி திரும்பி வந்தாள்.

எள்ளுகொள்ளு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏன் சார் எடுக்கலை?"

"இன்னைக்கு இது உங்க போன்." அவர் விரல்விட்டு எண்ணினார். "மூணாம் நம்பர் வண்டி பஞ்சர். எட்டாம் நம்பர் தப்பான தெருவுல நிக்குது. ரெண்டாம் நம்பருக்கு யாரோ கேட்டைத் திறக்க மாட்டேங்கிறாங்க. எல்லாம் அவங்க மெசேஜ் போட்டதுல தெரிஞ்சது. நீங்க ஒரு பார்சலைச் சேர்த்தீங்க. மூணு வேன் நின்னுச்சு."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. வேறொரு டிரைவரை வழியிலேயே திருப்பி அந்தப் பெட்டியை எடுத்துப்போகச் சொல்லியிருக்கலாம். அந்த யோசனையே வரவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னாள். "எனக்கு இது சரிப்படாதுங்க. வெள்ளிக்கிழமை வேணாம்னு சொல்லிடறேன்."

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு" என்றார் வீட்டுக்காரர். "பாதி வெட்டின தலையோட எவனும் எந்திரிச்சுப் போனதில்லை. உக்காரு."

செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு மேனேஜரே மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகம் பேயறைந்தது போலிருந்தது. ஊரின் மறுகோடியில் கம்பெனியின் இன்னொரு குடோன் உண்டு. அங்கே இரவு பெய்த மழையில் கூரை ஒழுகி, உள்ளே கால் வைக்க முடியவில்லையாம். அங்கிருந்த பார்சல்களை எல்லாம் லாரியில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டார்கள்.

"வேனுக்கு நாப்பது பார்சல் கூடப் போடுங்க. இன்னைக்கே முடிக்கணும்."

"சரி சார்" என்றார் எள்ளுகொள்ளு. சொல்லி வாய் மூடவில்லை, முகத்தில் முதல் எள் வெடித்தது. டிரைவர்களிடம் கத்துவதற்காகக் கதவை நோக்கி நடந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சந்து அக்காவுக்குப் பதினோரு வருடத்துச் சந்தேகம் ஒன்று அந்த நொடியில் தீர்ந்தது. ஓ, அந்த வெடி இங்கேதான் திரி பற்றுகிறதா!

"முடியாது சார்" என்றாள்.

இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். எள்ளுகொள்ளு, அறையில் நான்காவதாக வேறு யாரோ பேசியதுபோல் மூலையைப் பார்த்தார்.

"வேன்ல இடம் இருக்கும்மா, நான் பாத்தேன்" என்றார் மேனேஜர்.

"வேன்ல இடம் இருக்கு சார். பகல்லதான் இடம் இல்லை." அவள் எழுந்து பலகைக்குப் போனாள். "நாலாம் நம்பர் வண்டி போற இடத்துல அஞ்சு மணிக்குக் கடை அடைச்சிடுவாங்க. ஏழாம் நம்பருக்கு அந்தப் பெரிய அபார்ட்மென்ட். வாசல்ல செக்யூரிட்டி ஒரு பார்சலுக்கு ஒரு கையெழுத்து வாங்குவாரு, அதுவும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டுத்தான் வாங்குவாரு. இதுக்கு மேல நாப்பது போட்டா, நாப்பதும் திரும்பி வரும். திரும்பி வந்ததை நாளைக்கு எங்க சார் வைப்பீங்க?"

"அப்ப என்னதான் பண்றது?"

"மருந்து, அவசரம்னு எழுதினது மட்டும் இன்னைக்கு எடுத்துக்கறோம். மிச்சத்தை ரெண்டு நாளாப் பிரிச்சுக்கலாம். ஆமா, அந்தக் குடோன்லதானே கூரை ஒழுகுது, வேன் ஒழுகலையே? அவங்க டிரைவருங்க அங்க சும்மாதானே நிப்பாங்க? வேனோட இங்க வரச் சொல்லுங்க."

மேனேஜர் விழித்தார். "அந்த மேனேஜர்கிட்ட நான் எப்படிக் கேக்கறது?"

"போன்ல சார்."

மேனேஜர் அங்கேயே நின்றபடி போன் போட்டார். ஒன்பது மணிக்குள் நான்கு வேன்கள் வந்து சேர்ந்தன.

அவர் மாடியேறிப் போனபின் எள்ளுகொள்ளு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "பதிமூணு வருஷம்" என்றார். "முடியாதுன்னு சொல்லலாம்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலையேம்மா." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஜன்னல் வழியே அதைப் பார்த்த ஒரு டிரைவர், சாருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்க ஓடி வந்தான்.

மேனேஜரிடம் மல்லுக்கு நின்றது சுலபம். அடுத்தது சுலபமில்லை. அவசரப் பார்சல்களில் ஒரு கட்டு குன்றின்மேல் இருக்கும் குடியிருப்புக்குப் போக வேண்டியது. வேன் அடிவாரம்வரைதான் போகும். அதற்குமேல் படிகள். வீட்டு எண்கள் யாரோ கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதியதுபோல் முன்னும் பின்னுமாக இருக்கும். அந்த வீடுகளை அறிந்த ஒரே ஆள் பாட்டுக்காரர். வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அவர் வண்டிக்குப் போனாள்.

"அண்ணே, குன்று ரூட்டு. உங்களுக்குத்தான் குடுக்கணும். என் மேல கோபமா இருக்கீங்கன்னு தெரியும். உங்க கோபத்துக்குப் பயந்து வேற ஆளை அனுப்பினா, அவன் மத்தியானம் வரைக்கும் வீடு தேடுவான்."

பாட்டுக்காரர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் மேல என்ன கோபம்" என்றார் கடைசியில். "நான் ஒருத்தன் இருக்கேன்ல? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அந்த ஆளு. வேணாம்னுதான் சொல்லப் போறேன். ஆனா வேணாம்னு சொல்றதுக்காவது என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

அவர் சொல்வதில் என்ன தப்பு?

"நான் கேக்கறேன். அண்ணே, நீங்க சூப்பர்வைசர் ஆகறீங்களா?"

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"அந்த ரூம்ல பாட முடியாது" என்றார். உதடு கோணிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் வண்டியிலிருந்து இருபது பார்சலை இறக்கி, வந்திருந்த வேன்களில் ஒன்றுக்கு மாற்றிவிட்டு, குன்றுப் பார்சல்களை அவளே ஏற்றினாள். வண்டி வாசலைத் தாண்டும்போது பாட்டு கேட்டது. சுதி கொஞ்சம் தவறியிருந்தது. இரண்டு நாள் பயிற்சி இல்லாத குரல்.

மத்தியானத்துக்குள் அவளுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். ஒரு டிரைவர் போனை வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவனிடம், "'முடியாது மேடம்' சொல்லிட்டாங்கடா, நாளைக்குப் போட்டுக்கலாமாம்" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. ஊருக்கெல்லாம் பெயர் வைக்கிறவளுக்கு, அவள் காது கேட்கவே வைத்த பெயர். போனை வைத்துவிட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மோசமில்லை.

புதன்கிழமை அதிக ஆர்ப்பாட்டம் இல்லாமல் போயிற்று. வெள்ளிக்கிழமை அவள் மாடியேறினாள். இந்த முறை உட்கார்ந்தாள்.

"ஏத்துக்கறேன் சார். ஆனா ரிப்போர்ட் எழுத எனக்கு வராது. கத்துக்க ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் பிழை இருக்கும், சிரிக்கக் கூடாது."

"சிரிக்கலை."

"இன்னொண்ணு. நம்ம பாட்டுக்கார அண்ணனைக் கூப்பிட்டு, இந்த வேலையை எடுத்துக்கறியான்னு ஒரு வார்த்தை கேளுங்க."

"அவர் எடுத்துக்கிட்டா?"

"எடுத்துக்க மாட்டாரு. இருந்தாலும் கேளுங்க."

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கூப்பிட்டார். பாட்டுக்காரர் சட்டையைச் சரிசெய்துகொண்டு மேலே போனார். ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்தார். "கேட்டாரு. யோசிச்சுச் சொல்றேன்னேன். அப்புறம் வேணாம்னுட்டேன்" என்று குடோன் முழுக்க எல்லோரிடமும் சொன்னார்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. முழங்கால் இப்போது படியைப் பார்த்தால் மட்டும் முனகுகிறது. முதல் மாதம் ஒரே தெருவுக்கு இரண்டு வேனை அனுப்பி வைத்தாள். ரிப்போர்ட்டை மகள் சிவப்புப் பேனாவால் திருத்துகிறாள். ஆரம்பத்தில் பக்கத்துக்குப் பதினைந்து சுழி, இப்போது நான்கைந்து. கார் வைத்திருக்கும் கம்பெனிக் கணக்குப்பிள்ளை தினமும், வழியில்தானே, இறக்கிவிடுகிறேன் என்கிறார். அவள் மறுத்துவிட்டுப் பேருந்தில்தான் போகிறாள். கடைசி வரிசை ஜன்னல் சீட்டு, அரைமணி நேரம், யாரோடும் பேச வேண்டாம். எட்டு மணி நேரத்துக்குப் பதிலாக அரைமணி. போதவில்லைதான். சில நாள் வேண்டுமென்றே ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடக்கிறாள்.

போன மாதம் இரண்டு டிரைவர்களுக்கு ஒரே நாளில் காய்ச்சல். ஆள் கிடைக்கவில்லை. சந்து அக்கா மேனேஜரிடம் போனாள். "சார், ஒரு வண்டியை நான் எடுக்கறேன். ஆனா அந்த நாற்காலி காலியா இருக்கக் கூடாது."

"அதுல யாரு உக்காருவா?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று நாள் முழுக்க அவள் சந்து சந்தாகப் போய்வந்தாள். சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பி, சாவியை மாட்ட அறைக்குள் நுழைந்தபோது மேனேஜரின் டை நாற்காலியின் முதுகில் கிடந்தது. ஒரு காதில் மேசை போன், மறு காதில் கைபேசி. வெள்ளைப் பலகையில் எழுதி, அழித்து, மறுபடி எழுதியதில் ஒன்றுமே படிக்க முடியவில்லை. அவளைக் கண்டதும் இரண்டு போனையும் ஒன்றாக வைத்தார்.

"நாளைக்கு யாராவது லீவா?" குரலில் உண்மையான பயம் இருந்தது.

"ஒருத்தரும் இல்லை சார்."

அவர் டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு மாடியேறிப் போனார். அடுத்த வாரம் அந்த அறையில் இரண்டாவதாக ஒரு மேசை வந்தது, அதன்மேல் இரண்டாவதாக ஒரு போன், அதை எடுக்க ஓர் ஆள்.